நீலத் தட்டில் இரண்டு வாய்

மார்ச் 3, செவ்வாய்

பட்டாணி,

இது உன் நோட்டு. டாக்டரம்மா வாங்கச் சொன்னது. தினமும் எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை தடவை தண்ணீர் குடித்தாள், வாந்தி உண்டா, எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்ல வெட்கம். தலையாட்டிவிட்டு வந்து இருநூறு பக்க நோட்டாகப் பார்த்து வாங்கினேன். நீ என்னமோ காலேஜுக்குப் போகிற மாதிரி. நாலே நாளில் போய்விட்டாய். மூன்று பக்கம்கூட நிரம்பவில்லை.

கடைசி வரி, போன செவ்வாய் காலை: ‘மீன் வேகவைத்த தண்ணீர் இரண்டு ஸ்பூன். நக்கினாள்.’ அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றேழு பக்கம் வெறும் கோடு. பழைய பேப்பரோடு போடவும் மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். செத்துப்போன பூனைக்குக் கடிதம் எழுதும் பொம்பளை. யாராவது பார்த்தால் அடுத்து என்னைத்தான் பையில் போட்டு டாக்டரம்மாவிடம் தூக்கிப்போவார்கள்.

உன் வியாதியின் பெயரை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பூனை லுக்கீமியா வைரஸ். பூனைக்குப் பூனை எச்சிலில் ஒட்டுமாம். மனுஷருக்கு வராதாம். ரத்தம் ஊறுகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். உன் ஈறு வெளுத்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன், பட்டாணி. பார்க்காமல் இல்லை. பல் தேய்க்காத பூனைக்கு வாய் இவ்வளவு வெள்ளையா என்று பெருமைப்பட்டேன். அதுதான் என் மூளை.

வீட்டில் வேறு பூனை இருக்கிறதா என்று டாக்டரம்மா அன்றே கேட்டார். இருக்கிறான், ஆறு மாசத்துக்கு முன்னால் வெளியிலிருந்து வந்தவன் என்றேன். அவனுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், கூட்டிவாருங்கள் என்றார். இதில் பார்க்க என்ன இருக்கிறது? நாலு வருஷம் வாசல் தாண்டாதவள் நீ. தெருவெல்லாம் சுற்றி வந்தவன் அவன். யார் கொண்டுவந்திருப்பார்கள் என்று சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?

இப்போது அலமாரி மேல் உட்கார்ந்து காலைத் தூக்கி வயிற்றை நக்கிக்கொண்டிருக்கிறான். கொலைகாரன்.


மார்ச் 4, புதன்

வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது “பட்டாணி, வந்துட்டேன்” என்றேன். கொலைகாரன் வந்து நின்றான்.


மார்ச் 6, வெள்ளி

நான் பகலெல்லாம் எங்கே போகிறேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. பெரிய சலவை நிலையம். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் எங்களிடம் வரும். துவைப்பது மெஷின், காயவைப்பது மெஷின், மடிப்பது மட்டும் நாங்கள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனை பிடித்துத் தள்ளி நின்று உதறுவோம். கிட்டே வந்து முனையோடு முனை சேர்ப்போம். மறுபடி தள்ளிப்போவோம். எட்டு வருஷமாக எனக்கு எதிரே ஒருத்தியேதான். அவளை ஜோடி என்றுதான் கூப்பிடுகிறேன். மெஷின் போடுகிற சத்தத்தில் கிட்டே வரும்போது சொன்னால்தான் காதில் விழும். அதனால் அவள் பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் வரும்.

“என்னக்கா” என்றாள். தள்ளிப்போனாள். வந்தாள். “மூஞ்சி இப்படி” என்றாள். போனாள். வந்தாள். “வீங்கிக் கெடக்கு?”

சொன்னேன். சொல்லி முடிக்க ஒன்பது விரிப்பு ஆயிற்று.

கொலைகாரன் அங்கே கிடைத்தவன்தான். உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் வெள்ளை விரிப்புக் குவியலின் மேல் கன்னங்கரேலென்று படுத்திருந்தான். மேலாளர் துரத்தச் சொன்னார். நான்தான் பெரிய புண்ணியவதி ஆயிற்றே, தலையணை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மகாராணி போதாதா உனக்கு என்று ஜோடி அன்றைக்கே கேட்டாள். கேட்டிருக்கலாம் அவள் பேச்சை.

இன்று அவள் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். “எங்கேருந்து வந்தானோ அங்கேயே விட்டுடுக்கா.”


மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“அம்மா, அப்பா போனப்பகூட நீ இப்படி அழலையே.”

என்ன சொல்ல? உங்கப்பா போனபோது வீடு கொள்ளாத கூட்டம். யாருக்குச் சாப்பாடு, யாருக்குப் படுக்க இடம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அழ நேரம் கிடைக்கவில்லை. பட்டாணிக்கு ஒருத்தரும் வரவில்லை. தாராளமாக நேரம் இருந்தது. இதையெல்லாம் சொன்னால் அவள் மாப்பிள்ளையிடம் சொல்வாள். அதனால் வெங்காயம் நறுக்கினேன் என்றேன்.

“பத்து நாளாவா?” என்றாள்.


மார்ச் 9, திங்கள்

கொலைகாரனை விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அதே தலையணை உறை. வந்த வழியிலேயே போகட்டும் என்று. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். அவன் ஒரு சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி உறை மேல் தன் பையை வைத்தாள். அப்போது போட்டான். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவளுடைய நிறுத்தம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

சலவை நிலையத்துக்குப் பின்னால் கொதிகலன் அறைச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அங்கே கொண்டுபோய் உறையின் வாயைத் திறந்து தரையில் வைத்தேன். போடா என்றேன். வரவில்லை. உறையைத் தலைகீழாகப் பிடித்தேன். நாலு காலாலும் உள்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினான். உலுக்கினேன். ஆஸ்பத்திரி விரிப்பையெல்லாம் உதறி உதறிப் பழகின கை இது. ஒரு பூனையை உதறத் தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். சுவரோரம் பழைய அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாய்ப்பூனை. மூன்று குட்டி. கண் திறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒன்று உன் நிறம்.

இவன் வாயில் இருப்பது இவர்களுக்கும் போகும். ஒரு தட்டு, ஒரு நக்கு, ஒரு கடி. அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னார். நான் இங்கே நின்று கையைத் தட்டிவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது.

உறையைக் கட்டி, துணி மாற்றும் அறையில் என் அலமாரிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அலமாரிக்குக் காற்றோட்டத் துவாரம் உண்டு. மதியம் போய்ப் பார்த்தால் உறைக் கட்டு அவிழ்ந்து, என் சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. இவன் கண்ணை மூடித் தூங்குகிறான்.

“விட்டுட்டியாக்கா?” என்றாள் ஜோடி.

விட்டுவிட்டேன் என்றேன். மாலை பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்திலேயே நின்றாள். உறை ஆடியது. அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏறிய பிறகு சொன்னாள்: “நல்லா விட்டே போ.”


மார்ச் 14, சனி

வியாதியை ஊர்ஜிதம் செய்துகொண்டு, அப்புறம் இவனை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடமே கேட்கலாம் என்று போனேன்.

டாக்டரம்மா அட்டையில் எழுத இவன் பெயரைக் கேட்டார். கொலைகாரன் என்று எழுதச் சொல்ல முடியுமா? பழைய பெயரைச் சொன்னேன். தடியன்.

உனக்கு எடுத்த மாதிரியே ஒரு சொட்டு ரத்தம். அதே மாதிரி வெள்ளைத் தகடு. உனக்கு இரண்டு கோடு வந்தது. இவனுக்கு ஒன்றுதான் வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றுதான்.

“இவனுக்கு இல்லம்மா” என்றார்.

“இருக்கணுமே. இன்னொரு தடவை பாருங்க டாக்டரம்மா. இவன்தான் கொண்டுவந்து குடுத்தவன்.”

“இவங்கிட்ட இல்லாததை இவன் எப்படிம்மா குடுப்பான்?”

அவர் உன்னைப் பற்றிக் கேட்டார். எங்கே கிடைத்தாய், எத்தனை நாள் குட்டி. பஸ் நிறுத்தத்து பெஞ்சுக்கு அடியில் கிடைத்ததைச் சொன்னேன். ஒரு கை அளவு இருந்தாய். பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். தாய் வயிற்றிலேயே வந்திருக்கலாமாம், பாலில் வந்திருக்கலாமாம். சில பூனைக்கு உடம்புக்குள் வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் படுத்திருந்து ஒரு நாள் எழுந்திருக்குமாம்.

அப்படியென்றால் அது உன்னிடம்தான் இருந்தது. நான் உன்னை எடுத்து முந்தானையில் சுற்றிய அன்றே அதையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போகும்போது கேட்டார், “ரெண்டுக்கும் தட்டு தனித்தனிதானே?”

“தனித்தனிதான் டாக்டரம்மா.”


மார்ச் 15, ஞாயிறு

நேற்று சொன்னது பொய்.

முழுப் பொய் இல்லை. ஐந்து மாசம் வரைக்கும் நிஜம். உனக்கு நீலப் பீங்கான் பூசின தட்டு, ஓரத்தில் சில்லு போனது. அவனுக்கு பிஸ்கட் டப்பா மூடி. நீ சமையலறையில், அவன் குளியலறை வாசலில். அவன் உன் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் நீ பல்லைக் காட்டுவாய். பரம்பரைச் சொத்துத் தகராறு மாதிரி இருக்கும்.

பிறகு நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். அப்போதே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் எங்கே ஓடினேன்? தொண்டையில் முள் என்றேன். வெயில் என்றேன். கொழுப்பு என்றேன். மீனை மாற்றினேன், முட்டையை மாற்றினேன், தட்டை வெந்நீரில் கழுவினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

ஒரு நாள் தடியன் திருட்டுத்தனமாக வந்து உன் தட்டில் வாய் வைத்தான். நான் கையை ஓங்கினேன். அதற்குள் நீ எழுந்து வந்தாய். ரெண்டு நாளாக எழுந்திருக்காதவள். உறுமிக்கொண்டே வந்து அவன் தலையை உன் தலையால் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாய். பசியில் இல்லை, பொறாமையில். நாலு வாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்! உலகத்தில் எந்த டாக்டருக்கும் தெரியாத வைத்தியம். அன்றிலிருந்து மூன்று வாரம், காலையும் மாலையும், நானே அவனைத் தூக்கிவந்து உன் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தேன். டேய் தடியா, வாடா, சாப்பிடுற மாதிரி நடி. அவனுக்கு நடிக்கத் தெரியாது, நிஜமாகவே தின்றான். நீ வந்து அவன் வாய்க்குப் பக்கத்தில் வாய் வைப்பாய். ஒரே மீன் துண்டை இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன். எச்சில் வழியும். உனக்குத் தலை தூக்க முடியாமல் போன பிறகு அவன் உன் மோவாயில் ஒட்டின மீனை நக்கிச் சுத்தம் செய்வான். பார்த்தாயா, எவ்வளவு ஒற்றுமை என்று நான் போனில் மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

உன் வியாதி எதுவென்று தெரிந்த பிறகும்கூட நாலு நாள் அப்படியே செய்தேன். நீ அப்போதுதான் சாப்பிட்டாய், அதனால். அவனைப் பற்றி எனக்கு என்ன? கொலைகாரன்தானே என்று.

இதை டாக்டரம்மாவிடம் எந்த வாயால் சொல்ல?


மார்ச் 16, திங்கள்

இடைவேளையில் போன் செய்து சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். நான் திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். திட்டவில்லை. அது திட்டைவிட மோசம்.

புதிதாக ஒட்டியிருந்தால் முந்தாநாள் எடுத்த பரிசோதனையில் தெரியாதாம். இரண்டு மாசம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். அதுவரை வெளியே விடக்கூடாது, எந்தப் பூனையும் இவன் கிட்டே வரக்கூடாது.

“வளர்ந்த பூனை நிறைய தப்பிச்சிருக்கும்மா. உடம்பே சண்டை போட்டு விரட்டிடும். இல்லேன்னு வந்தா தடுப்பூசி போட்டுடலாம். தினம் ஈறைப் பாருங்க, பிங்க்கா இருக்கணும்.”

எந்த அளவு பிங்க் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.


மார்ச் 20, வெள்ளி

எந்த அளவு பிங்க் என்பதற்கு வழி கிடைத்துவிட்டது. ஒரு ஓட்டலிலிருந்து ரோஜா நிறத் தலையணை உறை வரும். கிழிந்த ஒன்றை மேலாளர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். விரல் நீளம் வெட்டி வைத்துக்கொண்டேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தடியனின் உதட்டைத் தூக்கித் துணியை ஈறோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். பொருந்தியது. பிறகு அவன் பல் என் கட்டைவிரலில் பொருந்தியது.

ஜோடி என் விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, “கொலைகாரனா?” என்றாள்.

“அவன் பேரு தடியன்” என்றேன். விரிப்பை மடித்துக்கொண்டு தள்ளிப்போனாள். வந்தாள். “ஓஹோ” என்றாள். போனாள்.


ஏப்ரல் 7, செவ்வாய்

தடியன். காலை: மீன் ஒரு துண்டு, முழுசும். மாலை: ஜோடி கொடுத்தனுப்பிய அவித்த முட்டை, முழுசும். இடையில்: என் செருப்பு வார், பாதி. தண்ணீர் நாலு தடவை, அதில் ஒரு தடவை என் தம்ளரில். வாந்தி: செருப்பு வார்.

டாக்டரம்மா, பார்த்தீர்களா, இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.


ஏப்ரல் 19, ஞாயிறு

ஜன்னலில் கம்பிவலை அடித்தாயிற்று. வெளியே போகவே கூடாது என்றதும் வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்துகிறான். நானும் சொல்லிப் பார்த்தேன், டேய், உன்னை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தபோது போகமாட்டேன் என்று உறையைப் பிடித்துத் தொங்கியவன் நீதானே என்று. மகள் போனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும்மா அங்கே என்றாள். டிவி என்றேன்.


ஏப்ரல் 23, வியாழன்

பட்டாணி, இன்று சிரித்தேன். தடியன் காய்ந்த துணிக் கூடைக்குள் குதித்து என் பாவாடையோடு வீடு முழுக்க ஓடினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் உன் தட்டு அலமாரியில் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். சிரித்தது உனக்குக் கேட்டிருக்குமோ என்று இருந்தது. பைத்தியம்தான் எனக்கு.

அவனுக்கு இன்னமும் பிஸ்கட் டப்பா மூடிதான். அதைச் சொல்லிக்கொள்கிறேன்.


மே 3, ஞாயிறு

பிங்க்.


மே 10, ஞாயிறு

பிங்க். கொஞ்சம் வெளுத்தது போலவா? இல்லை. துணிதான் அழுக்காகிவிட்டது. துவைத்தேன். துவைத்ததில் துணி வெளுத்துவிட்டது. இனி எதை எதோடு வைத்துப் பார்ப்பது? இருபது வருஷம் சலவை நிலையத்தில் இருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.


மே 15, வெள்ளி

நாளைக்கு.

ஜோடி இன்று கடைசி விரிப்பை மடித்து முனையைச் சேர்த்தபோது என் கையை விடவில்லை. “ஒரு கோடுதான்க்கா வரும்” என்றாள். என் கையைப் பிடித்தபடி அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தது எட்டு வருஷத்தில் இன்றுதான்.


மே 16, சனி

இரண்டு.

முதல் கோடு உடனே வந்தது. நான் அங்கேயே நின்று, போதும், போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோடு கழுவின துணியில் பழைய கறை மேலே வருமே, அது மாதிரி மெதுவாக வந்தது. தடியன் மேஜையில் உட்கார்ந்து டாக்டரம்மாவின் பேனாவைத் தட்டித் தட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தான்.

“இப்பவே ஒண்ணும் ஆயிடாதும்மா” என்றார். வருஷக்கணக்கில் நன்றாக இருப்பதும் உண்டாம். இன்னொரு பெரிய பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பியிருக்கிறார். நல்ல சாப்பாடு, வீட்டுக்குள்ளேயே இருப்பு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வாசல் வரை வந்து கடைசியாகச் சொன்னார்.

“இவன் இருக்கற வரைக்கும் வேற பூனை மட்டும் சேர்த்துடாதீங்க.”

பஸ்ஸில் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று மாசத்துக்கு முன்னால் இவன் உனக்குக் கொடுத்தான் என்று கூப்பாடு போட்டவள் நான். கொடுத்தது நீ. நீ அறியாமல் கொடுத்தாய். தூக்கிவந்து உட்காரவைத்து வாங்கிக்கோ என்று கொடுக்கவைத்தவள் இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கொலைகாரன் என்ற பெயர் மூன்று மாசமாக இந்த வீட்டில் ஆளை மாற்றித் தேடிக்கொண்டிருந்தது. இப்போது வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உன் நீலத் தட்டை எடுத்துக் கழுவி அவனுக்குப் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஊசி குத்திய கோபம் அவனுக்கு, மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். என் தட்டையும் கொண்டுவந்து தரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் கேட்கிற மாதிரி மென்றேன். ஆகா என்ன ருசி என்றேன். ஐம்பத்து மூன்று வயசில், தரையில், ஒரு பூனைக்குப் பொறாமை வரவேண்டும் என்று. கொஞ்ச நேரம் பார்த்தான். என் மேல் பரிதாபப்பட்டு வந்து இரண்டு வாய் தின்றான். ஈறு இன்றும் பிங்க்தான். வெளுத்த துணியைவிட நல்ல பிங்க்.

இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டான். ஆனால் பட்டாணி, நீ சாப்பிடாதபோது நான் அவனைக் கூப்பிட்டேன். இவனும் உன்னை மாதிரி தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாள் வந்தால், நான் யாரைடி கூப்பிடுவேன்?